நோன்பு நாளில் கழுவிய பேனா

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. நான்தான் கழற்றினேன். கழற்றிய தாழ்ப்பாளும் அதன் திருகாணிகளும் என் தோல் மண்டியில் ஒரு தகர டப்பாவில் கிடக்கின்றன. விருந்தாளிகள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே தடவித் தடவிப் பார்த்து, பிறகு வெளியே தலையை நீட்டி, "தாப்பா எங்க?" என்று கேட்கிறார்கள். "சும்மா சாத்திக்கங்க, யாரும் வரமாட்டோம்" என்கிறாள் என் மனைவி.

உள்ளே இருப்பவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் மூவருக்குள் ஏற்பட்டுவிட்ட வழக்கம். மனைவி செருமுவாள். மகள் தனிமங்களின் பெயர்களை ஹைட்ரஜனில் தொடங்கி உரக்கச் சொல்லிக்கொண்டே குளிப்பாள். ஏதோ ஒரு தனிமத்தில் குரல் நின்றுவிட்டால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். "மறந்துபோச்சு அத்தா, உக்காருங்க" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வரும். நான் எழுந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த நாற்காலி அப்படிக் கிறீச்சிடும்.

பேனா கழுவப் போன பெண் ஆஸ்பத்திரியில் படுத்தாள் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் படித்த காலத்தில் மைப்பேனா கழுவுவது ஒரு வேலையாகவே கணக்கில்லை. குழாயடியில் ஒரு அலசு, கழுத்தைக் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது, கால்சட்டையில் ஒரு துடைப்பு. மை என்றால் பள்ளிக்கூட நீலம். சட்டையில் கொட்டிக்கொண்டாலும் இரண்டு துவைப்பில் வெளுத்துவிடும்.

மகள் பதினோராம் வகுப்பில் படிக்கும்போது, ரீபில் பேனாவை அழுத்தி எழுதி விரல் கன்றிப்போகிறது என்றாள். மைப்பேனா வாங்கிக் கொடுத்தேன். விரல் சரியானது. அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. செல்போனில் யார் யாரோ மையை நிரப்பி எழுதிக் காட்டுவதைப் பார்க்கத் தொடங்கினாள். பண்டிகைக் காசைச் சேர்த்து வைத்து கூரியரில் வரவழைத்தாள். அவளுக்குப் பிடித்தவை எல்லாம் அடங்காத மைகளாகவே இருந்தன.

அவற்றில் ஒரு நீலம் இருந்தது. பார்த்தால் கண் கூசும். ஆனால் எதில் பட்டாலும் விடாது. பிளாஸ்டிக் மக்கில் பட்டது, இட்லித் துணியில் பட்டது, மகளின் நகக்கண்ணில் வாரக்கணக்கில் தங்கியது. பேனாவின் உடம்பே உள்ளுக்குள் நீலமாகிவிட்டது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஒன்றுக்குத்தான் அது பணியும் என்பதை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். இன்னொரு மையில் பொன்தூள் மிதந்தது. அதைக் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும், நாலு நாள் எழுதாமல் விட்டால் தூள் அடியில் தங்கி நிப்பை அடைத்துவிடும். அப்புறம் பேனாவைத் துண்டுதுண்டாகக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பாள். காது கழுவ மருந்துக்கடையில் விற்கும் ரப்பர் பல்ப் ஒன்று வைத்திருந்தாள். அதில் தண்ணீரை இழுத்துப் பேனாவின் கழுத்துக்குள் பீய்ச்சுவாள். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓய மாட்டாள்.

"காதுக்குப் பீச்சுற சாமான வச்சு பேனாவுக்குப் பீச்சுறா. பேனாவுக்குக் காது அடைச்சிருக்காம்" என்பாள் என் மனைவி.

"கழுவுறதுலதான்மா பாதி சந்தோஷம்."

"அப்ப அந்தச் சந்தோஷத்துல கொஞ்சம் சிங்க்ல கெடக்கு. பாத்திரம் காத்துக்கிட்டு இருக்கு."

ஐந்து வேளையும் தொழுகிற வீடு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது விரலில் மை கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் தோலில் படாதே என்று அவளுக்கு ஒரு கவலை. நிறம் மட்டும் தங்கினால் பரவாயில்லை என்று நான் சொல்லியும், ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் விரல்களைச் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள். எதையும் அரைகுறையாக விட மாட்டாள். அந்தக் குணத்தை நான் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் நல்ல குணம்தான். ஆனால் அதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவது மைதான் எனக்குப் பிடித்தது. எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளில் கறுத்துக்கொண்டு வரும். தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மரத்தில் விளையும் துவர்ப்புச் சாறும் இரும்பு உப்பும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் தொழிலில் நாங்கள் பயப்படும் சமாச்சாரம்.

மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோலை வாங்கி விற்பது என் வியாபாரம். அந்தத் தோல் ஈரமாக இருக்கும்போது ஒரு துருப்பிடித்த ஆணி பட்டால் போதும், அந்த இடம் கருநீலமாகக் கறுத்துவிடும். தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பிடிக்கும் கறை அது. இதை அவளிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கே வந்தாள். ஈரத்தோல் துண்டில் இரும்புச் சாவியை வைத்து, கறுத்ததும் எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப என் பேனாவுல ஓடுறது உங்க மண்டிக் கறைதான்" என்றாள்.

"ஆமா. நாங்க வேணாம்னு தொடைக்கிறத நீ காசு குடுத்து வாங்குற."

"தொடைச்சா போயிருமாத்தா?"

"இரும்புக் கறைக்கு ஆசிட்தான். லேசா ஆசிட் தண்ணி விட்டுத் தொடைச்சா போயிரும்."

நான் சொன்னதில் பொய் இல்லை. மண்டியில் அப்படித்தான் செய்கிறோம். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில், ஒரு பொட்டலத்தில் வாங்கும் பொடியைக் கரைத்து, துணியால் தொட்டு ஒற்றி எடுக்கிறோம். பிளீச்சிங் பவுடர் அந்தக் கொட்டகைப் பக்கமே வராது. அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அது ரமலான் மாதம். பிளஸ் டூ தேர்வும் அதே மாதத்தில் வந்துவிட்டது. தேர்வு நாளில் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு நோற்றுக்கொள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். மகள் கேட்கவில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எங்களுக்கு முன்னால் எழுந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அன்றுவரை ஒரு நோன்பும் தவறவில்லை. மொழித்தேர்வுகள் முடிந்து, வேதியியலுக்கு முன்னால் இடைவெளி விட்டிருந்த ஒரு நாள், நோன்பு திறக்க வரச்சொல்லி என் அக்காவை அழைத்திருந்தோம்.

அக்கா வீடும் எங்கள் நாகல் நகரிலேயே, இரண்டு தெரு தள்ளி. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மின்விசிறி இறக்கையில் தூசி இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்ப்பவள். அந்த வருடம்தான் குளியலறைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தோம். அக்கா பார்க்க வேண்டும் என்று மனைவிக்கு உள்ளூர ஆசை. காலையிலேயே மகளிடம் சொல்லிவிட்டாள்.

"மாமி வர்றதுக்குள்ள அந்தப் பேனாக் கடைய ஒழிச்சு வையி. டைல்ஸ்ல ஒரு சொட்டு மைய பாத்தேன், எல்லாத்தையும் கூட்டி அள்ளிருவேன்."

தினமும் சொல்வதுதான். மகள் தலையாட்டினாள்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் போனேன். வெயில் இறங்கியும் சூடு இறங்கவில்லை. வரிசையில் நின்று, வாங்கி, கஞ்சி தளும்பாமல் நடந்து வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு நாற்றம் அடித்தது. குடிதண்ணீர்த் தொட்டி கழுவிய மறுநாள் குழாயில் வருமே, அந்த நாற்றம். ஆனால் அதைவிடக் காரம்.

மனைவி பின்கட்டில் வடை போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகையில் அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"என்ன நாத்தம் இது?"

"உங்க மக பாத்ரூம் கழுவுனாளாம். சொல்லாமலே கழுவுறா, இன்னைக்கு மழ வரும். கழுவிட்டு அசந்து படுத்துட்டா. நோன்புக் களைப்பு. எழுப்பாதீங்க, நோன்பு தொறக்க பாங்கு சொல்லையில எழுப்பிக்கலாம்."

கஞ்சியை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். முக்காட்டுத் துணியை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று இருமுகிற இருமல். இரண்டு இருமலுக்கு நடுவே மூச்சு இழுக்கும்போது, காய்ந்த தோலை மடித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

"பாப்பா."

திரும்பாமலே கையை உயர்த்தி, இருங்கள் என்று காட்டினாள். தோளைப் பிடித்துத் திருப்பினேன். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உதட்டோரத்தில் எச்சில் நுரைத்திருந்தது.

"என்ன பண்ணுன?"

"ஒண்ணுமில்லத்தா. மை... கொட்டிருச்சு. கழுவுனேன்." இருமினாள். "தொண்டைதான் எரியுது. பாங்கு சொல்லட்டும்."

மனைவியைக் கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, கரண்டியோடு ஓடிவந்தாள். பார்த்தவள் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு தண்ணீர் கொண்டுவந்தாள். மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை, பொறுத்துக்கொள்கிறேன் என்பது போல.

அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவள் பயப்படவில்லை. அவளுடைய கவலையெல்லாம் கடிகாரத்தில் இருந்தது. நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல், அதைப் பசி தாகம் போல ஒன்று என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள்தானே பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தோம். சிறுவயதில், முதல் நோன்பில் தண்ணீர் கேட்டு அழுதபோது, இன்னும் செத்த நேரம்தான், செத்த நேரம்தான் என்று அவளை வீட்டுக்குள் நடக்கவைத்துப் பேச்சுக் கொடுத்தது நான்தான்.

"குடி" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

"நோன்ப அப்புறம் நோத்துக்கலாம் பாப்பா. சொகமில்லாதவக நோன்ப விட்டுக்கலாம்னு இருக்கு, உனக்குத் தெரியும்ல. வாயத் தொற."

"இம்புட்டு நேரம் இருந்துட்டேன்த்தா."

அவள் தாடையைப் பிடித்துத் திறந்து என் கையால் தண்ணீரை ஊற்றினேன். கொப்பளித்துத் துப்பச் சொல்லி மீண்டும் ஊற்றினேன். இரண்டாவது முறை விழுங்கினாள். விழுங்கியதும் அழுதாள். எரிச்சலினால் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. என் மனைவி அவள் முகத்தையும் கண்ணையும் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அடுப்பை அணைத்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு அவளைத் தெருவுக்குக் கொண்டுவந்தோம்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஆட்டோ கிடைக்காது. முனையில் ஒன்றே ஒன்று நின்றது. ஓட்டுபவர் ரெட்டியார்சத்திரத்துக்காரர், எனக்குப் பழக்கமானவர்.

"ஏறுங்க பாய். பாப்பாவுக்கு என்ன, நோன்பு மயக்கமா?"

"மூச்சு முட்டுது. ஆசிட் பொக."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பக்கவாட்டில் தொங்கிய தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினார். "காத்து படட்டும். தாயி, நல்லா வெளிய தலைய வச்சு மூச்சு விடு, நான் ஓரமாத்தான் போவேன்." தூக்குவாளியோடு பைக்கில் குறுக்கே வந்த ஒருவனை, "ஏலே, கஞ்சி எங்கயும் ஓடிராதுலே, ஒதுங்கு" என்று விரட்டினார். என் மகள் அந்த நிலையிலும் அதற்குச் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், முகம் வெளுத்து, என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. அந்தச் சட்டையை நான் பிறகு போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் போன மருத்துவமனையில் அந்த நேரத்தில் இருந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். மகளை உட்காரவைத்து மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்தச் சொல்லிவிட்டு, "எதை எதோட கலந்த?" என்று கேட்டார். மகளால் பேச முடியவில்லை. எழுதுவது போலக் கையசைத்தாள். மருத்துவர் தன் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தார். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் மகள் ஒரு வேதியியல் சமன்பாட்டை எழுதினாள். இந்தப் பக்கம் பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், அம்புக்குறி, அந்தப் பக்கம் குளோரின் வாயு. இரண்டு பக்கமும் சமன் செய்து, குளோரினுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்பும் போட்டிருந்தாள்.

"பிளஸ் டூவா?"

தலையசைத்தாள்.

"கெமிஸ்ட்ரி முடிஞ்சிருச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"இந்தக் கேள்வி வந்தா முழு மார்க்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அது பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம். குளோரின் தயாரிக்கும் முறைகளில் ஒன்றாம். முந்தின நாள் காலையில்தான் அதை என்னிடம் ஒப்பித்தாள், நான் புத்தகத்தைப் பார்த்துச் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தது ஒரு இடத்தில் இருந்திருக்கிறது, குளியலறை வேறொரு இடத்தில் இருந்திருக்கிறது. எங்கள் தெருவில் மொபெட்டில் கொண்டுவந்து விற்கும் ஆசிட்டை பழைய தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றித் தருவார்கள். அதன் மேல் பெயரோ எச்சரிக்கையோ இருக்காது. அது எங்களுக்கு "பாத்ரூம் தண்ணி", அவ்வளவுதான்.

முகமூடி வழியாக மருந்துப் புகை கொடுத்தார்கள். மெதுவாக மூச்சின் சத்தம் குறைந்தது. நடந்ததைத் துண்டுதுண்டாகச் சொன்னாள். இரும்பு கலந்த அந்தக் கறுப்பு மைப் பேனாவைத்தான் முதலில் கழுவத் தொடங்கியிருக்கிறாள். பேசின் ஓரத்தில் வைத்திருந்த நீல மைப் புட்டி கை தட்டிக் கீழே விழுந்து உடைந்தது. டைல்ஸ் எல்லாம் நீலம். அம்மா பார்ப்பதற்குள், மாமி வருவதற்குள் என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டித் தேய்த்தாள். நீலம் உடனே போய்விட்டது. ஆனால் கறுப்பு மை சிந்தியிருந்த இடத்தில் கறுப்பு போய்ப் பழுப்பாக, துருப்போல நின்றது. தேய்த்தாலும் போகவில்லை.

"இரும்புக் கறைக்கு ஆசிட்னு அத்தா சொல்லிருக்காங்க. அதான்..."

மருத்துவர் என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். மகள் குற்றம் சொல்லவில்லை. கணக்கு எப்படிப் போட்டேன் என்று வழிமுறையைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பவுடரை அலசிவிடாமல் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றியிருக்கிறாள். மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழும்பியிருக்கிறது. அந்தக் குளியலறையின் வெண்டிலேட்டரில் புறா கூடு கட்டுகிறது என்று அட்டை வைத்து அடைத்திருந்தோம். கண்ணைத் திறக்க முடியாமல் கதவுக்கு வந்து தாழ்ப்பாளை இழுத்தாள். அது புதிய கதவு, கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுத்தால்தான் தாழ்ப்பாள் வரும். அவள் தூக்காமல் இழுத்திருக்கிறாள்.

"வரல. அப்புறம் வந்துருச்சு" என்றாள்.

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். வெளியே வந்தவள், நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள்.

பாங்கு சொல்லும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. எங்கள் இருவருக்கும் நோன்பு திறக்க வேண்டும் என்ற நினைவே வரவில்லை. "நீங்க தண்ணி குடிக்கலயா?" என்று செவிலியர் கேட்ட பிறகு, கேன் தண்ணீரைக் குடித்தோம். மகள் முகமூடிக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி நின்று குடித்தேன்.

செத்த நேரத்தில் என் அக்கா கஞ்சியும் வடையுமாக அடுக்குப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தாள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்து, நாங்கள் அங்கே கொடுத்திருந்த சாவியை வாங்கி, எங்கள் சமையலறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"ஒரு பேனாவுக்கு இம்புட்டுப் பாடா? ஊரு உலகத்துல பிள்ளைக ரீபில் பேனாவுல எழுதலயா? டைல்ஸ்ல கறை இருந்தா என்னடி, நான் என்ன டைல்ஸ்லயா சோறு திங்கப்போறேன்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ வாங்கிக் குடுத்த சீருடா இது."

வடையை எடுத்து என் கையில் திணித்தாள். சாப்பிட்டேன். உப்பு இல்லை. நோன்பில் ருசி பார்க்காமல் போட்டது.

நுரையீரலில் நீர் கோக்கிறதா என்பது மறுநாள்தான் தெரியும் என்றார் மருத்துவர். அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் திராணி இல்லை. நீர் கோக்கவில்லை. காலையில் மகள் இட்லி கேட்டாள். அதைச் சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அந்த ரப்பர் பல்ப்பையும் ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் பவுடரையும் தூக்கிப் போட்டாள். மீதி மைப்புட்டிகளையும் எடுத்தாள். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டாள். நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெண்டிலேட்டர் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, குடம் குடமாக வெறும் தண்ணீரை ஊற்றினேன். பழுப்புக் கறை அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு வழி தெரியும். எடுக்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினேன்.

வேதியியல் தேர்வுக்கு இன்ஹேலரோடு போனாள். மருத்துவர் சொன்னபடி அன்றைக்கு நோன்பு இல்லை. கையில் மைப்பேனாதான், வேறொரு பேனா, அதில் வெறும் பள்ளிக்கூட நீலம். வேண்டாம் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் தேர்வு முடியும்வரை நின்றேன். வெளியே வந்தவள், "நீங்க பயந்த கேள்வி வரல" என்றாள். வந்திருந்தால் நன்றாக எழுதியிருப்பாள்.

சரியாகிவிட்டது என்கிறார்கள். தூசியும் குளிரும் ஆகாது, சளி பிடித்தால் உடனே காட்ட வேண்டும், மற்றபடி பயமில்லை என்கிறார்கள். அவள் மாடிப்படி ஏறினால் நான் கீழே நின்று காது கொடுக்கிறேன். பழனிக்குப் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில், அவள் தூங்கியதும் அவள் மூச்சோடு என் மூச்சையும் சேர்த்து விட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் வாசலுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டால் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "புகை குடிச்சது அவ. உங்களுக்கு என்ன இருமலு?" என்கிறாள். அவளும்தான் குளியலறையில் செருமிக்கொண்டே இருக்கிறாள், யாருமே கேட்காதபோதும்.

பெருநாள் முடிந்து சில வாரங்கள் கழித்து, விட்ட நோன்புகளை மகள் நோற்கத் தொடங்கினாள். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். முதல் நாள், நானும் அவளோடு நோற்கிறேன் என்றேன். "உங்களுக்கு எதுக்குத்தா, நீங்க ஒண்ணும் விடலையே. எனக்குச் செத்த தொணையா இருந்தாப் போதும்" என்றாள். அதனால் நான் வழக்கம் போலச் சாப்பிட்டேன், அவள் பார்க்காதபடி.

அன்று சாயங்காலம் மகள் மேசையைத் துடைக்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கழுவ எடுத்த அந்தப் பேனா கிடைத்தது. கறுப்பு மை உள்ளேயே காய்ந்து இறுகியிருந்தது. கழுவட்டுமா என்று என்னைக் கேட்டாள். இதுவரை அவள் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே எனக்குக் கஷ்டமாக இருந்தது. முற்றத்துக் குழாயடியில், எல்லாம் திறந்த இடத்தில் என்றேன். வைட்டமின் சி மாத்திரை கரைத்த தண்ணீருக்கு அந்த மை கரையும் என்றாள். நான் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். மருந்துக்கடைக்காரரிடம் போன் செய்து கேட்டேன். "அட, அது சின்னப்பிள்ளைக சப்புறது பாய்" என்றார். ஒரு கிண்ணம், வெறும் தண்ணீர், ஒரு மாத்திரை. வேறெதுவும் கிட்டே இல்லை என்று குழாயடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

ஊறப்போட்ட கொஞ்ச நேரத்தில் நிப்பிலிருந்து கறுப்பு, நூல் போல இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. தண்ணீரை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். கழுத்துக்குள் இன்னும் அடைப்பு இருந்தது. பீய்ச்ச ரப்பர் பல்ப் இல்லை.

"ஊதுனா வந்துரும். நான் நோன்பு, வாயில தண்ணி போயிரும். நீங்க ஊதுங்கத்தா" என்று பேனாவின் கழுத்தை என்னிடம் நீட்டினாள்.

வாங்கி வாயில் வைத்தேன். துவர்ப்பு, இரும்பு, மண்டியின் ருசி. ஊதப் பார்த்தேன், காற்றே வரவில்லை. கிண்ணத்தில் மாத்திரையைப் போட்டதிலிருந்து நான் மூச்சை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"மொதல்ல மூச்ச விடுங்க" என்றாள். "அப்புறம் இழுங்க. அப்புறம் ஊதுங்க. நர்ஸ் அக்கா எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

விட்டேன். இழுத்தேன். ஊதினேன். நிப்பின் நுனியில் ஒரு கறுப்புச் சொட்டு திரண்டு, வெடித்து, என் வெள்ளைச் சட்டையின் மார்பில் தெறித்தது. அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் இருமலாகத் திரும்பியது. ஒரு இருமல், இன்னொன்று. நான் பேனாவைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். பின்கட்டில் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தமும் நின்றுவிட்டது.

இருமல் நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்கட்டில் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

"இன்னும் மை இருக்குத்தா" என்றாள். "இன்னொரு தடவ ஊதுங்க."